மரத்துக்கு ஜாதகம், மனுசனுக்கு ஃபாரம்

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று ஒரு ரப்பர் மரம். சுங்கை பூலோ பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்கு அது வெறும் ‘அறுநூறு’. அம்மா ட்ஜிர் 1, ஜாவாக்காரி. அப்பா பி.பி. 86, காஜாங்குக்குத் தெற்கே பிராங் பெசார் தோட்டத்துப் பிள்ளை. 1930-களின் கடைசியில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்திவைத்த கல்யாணம் அது. ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பூவில் வைத்து, வேறு எவனும் உள்ளே புகாதபடி பஞ்சு வைத்து அடைத்துவிடுவார்கள். பிறந்த பிள்ளைகளில் எது தேறியது, எது சவலை, எது எத்தனாம் வயதில் எவ்வளவு பால் கொடுத்தது என்பதெல்லாம் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். எந்தக் கல்யாணத் தரகரும் இவ்வளவு சுத்தமாகக் குலம் கோத்திரம் பார்த்ததில்லை. இன்றைக்குத் தாய்லாந்தில் போய்க் கேட்டாலும் அறுநூறைத் தெரியும்.

அந்த மரத்தடியில் மங்கு துடைத்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு ஜாதகம் கிடையாது. எங்கள் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். அடையாள அட்டையில், அதாவது ஐசியில், இருக்கும் அவருடைய பிறந்த தேதி தோட்டத்து ஆபீஸ் கிராணியார் ஒருவர் போட்டது. எப்படிப் போட்டார் என்று கேட்டால் பாட்டி வாயைத் திறந்து காட்டுவார். “பல்லப் பாத்துப் போட்டாரு சாமி.” மாட்டுச் சந்தையிலும் அப்படித்தான் வயது பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டி வீட்டுக் கதவை ஒரு பையன் தட்டினான். தமிழ்ப் பையன். கழுத்தில் அட்டை, கையில் ஃபாரம் கத்தை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு. எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவை எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். பதினான்கு பக்கம். மலாயில் ஒரு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. பாட்டிக்குத் தெரிந்த மொழியில் ஒரு வரியும் இல்லை. ஃபாரம் ஒன்றுக்குப் பையனுக்குப் பத்து வெள்ளி. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் தாத்தாவுக்குப் பேர் கணக்கு, அவனுக்கு ஃபாரம் கணக்கு.

“பாட்டி, தோட்ட வாழ்க்கையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க.”

“எந்தத் தோட்டம் சாமி? நான் மூணு தோட்டம் பாத்தவ.”

“பொதுவா சொல்லுங்க பாட்டி.”

“பொதுவான்னா மழை நாளா, வெயில் நாளா? மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது, பேரு விழாது. அன்னிக்கு என்னா திருப்தி?”

பையன் மூன்றில் வட்டம் போட்டான்.

“உங்க இன அடையாளத்தப் பத்தி எப்படி உணர்றீங்க?”

பாட்டி என் பக்கம் திரும்பினார். “என்னா கேக்குறான் இவன்?” தமிழராக இருப்பது பற்றிக் கேட்கிறான் என்றேன். “அதுல என்னா இருக்கு, பொறந்துட்டேன்” என்றார். பையன் யோசித்து நாலில் வட்டம் போட்டான்.

பிறகு பாட்டி தன் ஆய்வைத் தொடங்கினார். நீ யார் வீட்டுப் பிள்ளை? அம்மா எந்தத் தோட்டம்? தாத்தா எந்தக் கங்காணி கூட்டி வந்த ஆள்? கோலாசிலாங்கூர் பக்கமா, ரவாங் பக்கமா? உன் அத்தையை எங்கே கொடுத்தார்கள்? ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பையனின் அம்மாயி தன்னோடு ஒரே லயத்தில் இருந்தவளுடைய நாத்தனார் என்று கண்டுபிடித்து, “அப்ப நீ எனக்குப் பேரன் முறை ஆவுது” என்று தீர்ப்புச் சொல்லி, பலகாரத் தட்டை நகர்த்தினார். லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் வருடக்கணக்காக உட்கார்ந்து படித்தார்களே, மானிடவியல், அது இதுதான். உறவுமுறை தெரிந்தால் ஊர் தெரியும் என்பதுதான் அந்தப் படிப்பின் அரிச்சுவடி.

அந்தப் பதினான்கு பக்கத்தில் பாட்டியின் அம்மா பேரை எழுத ஒரு கட்டம் இல்லை. இனத்துக்கு இருந்தது: மலாய், சீனர், இந்தியர், மற்றவர். நினைவுப் பரிசாகப் பல்கலைக்கழக முத்திரை போட்ட ஒரு குவளையும் இருந்தது.

எங்கள் ஊரில் ஆராய்ச்சி வந்த வரிசையைப் பாருங்கள். மரத்துக்கு 1925-ல் ஆராய்ச்சிக் கழகம் வந்தது. அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில். தொழுநோய்க் கிருமிக்கு 1930-ல் குடியிருப்பு வந்தது, அதுவும் சுங்கை பூலோவில்தான். மனுசனைப் படிப்பதற்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு துறை வர 1970 ஆனது. அதுவும் 1969 மே 13-ல் கோலாலம்பூர்த் தெருக்களில் வெட்டிக்கொண்டு செத்த பிறகு. பால் குறைந்தால் மரத்தைப் படித்தார்கள், சதை அழுகினால் கிருமியைப் படித்தார்கள். மனுசன் தன் பாட்டுக்கு உயிரோடு இருந்த வரைக்கும் யாருக்கும் அவசரம் இல்லை.

அதற்கு முன் மானிடவியல் இங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. துரைமார் கையில் இருந்தது. ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906-லேயே தீபகற்பத்துப் பூர்வகுடிகளைப் பற்றி இரண்டு தடித்த பாகங்கள் போட்டுவிட்டார்கள். ‘புறச்சமயக் குலங்கள்’ என்று தலைப்பு. புறம் எது, அகம் எது என்பது லண்டனில் முடிவானது. தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்துக்குப் பேட் நூன் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் 1930-களில் வந்தார். தெமியார் மக்களோடு வாழ்ந்து, தெமியார்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, 1943-ல் ஊதுகுழல் அம்பில் செத்தார். ஆள் உண்மையானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் சேர்த்த அறிவு என்ன ஆனது? அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் வழியும் காட்டிவிடுவார்கள் என்று காட்டு மக்களைக் கம்பி வேலிக்குள் அடைத்தார்கள், அங்கே நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிறகுதான் இவர்களைக் கொஞ்சம் ‘புரிந்துகொள்ளலாமே’ என்று ஞானம் பிறந்தது. 1954-ல் சட்டமும் இலாகாவும் வந்தன. இலாகாத் தலைவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பேட்டின் தம்பி ரிச்சர்ட் நூன். அண்ணன் சேர்த்ததைத் தம்பி துப்பாக்கிப் படையாக்கினார். பூர்வகுடிகளைக் கொண்ட செனோய் பிராக் அப்படிப் பிறந்தது. பூர்வகுடியான செமாய் மானிடவியலாளர் ஜூலி ஏடோ அந்த நாற்காலிக்கு வந்தது 2019-ல். இலாகாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது, அரசாங்க ஓய்வு வயதையே தாண்டிவிட்டது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. தோட்டத்து எல்லையில் தேனும் பிரம்பும் கொண்டுவந்த அந்த மக்களை நம் லயத்துச் சனம் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது? ‘சக்காய்.’ வெள்ளைக்காரன் நம்மைக் கூலி என்றதற்கு இன்றைக்கும் மேடை போட்டுக் கண்ணீர் விடுகிறோம்.

1970-க்கு வருவோம். மே கலவரத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து நான்கு பேராசிரியர்கள் வந்தார்கள்: நேதன் கிளேசர், சாமுவேல் ஹண்டிங்டன், மேனிங் நாஷ், மைரன் வீனர். தேசிய ஒற்றுமைக்குச் சமூக அறிவியல் எப்படி உதவும் என்று அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். சமூகவியல், மானிடவியல், உளவியல் எல்லாம் பல்கலைக்கழகங்களில் வேண்டும் என்றார்கள். நல்ல யோசனைதான். ஒற்றுமைக்கு மருந்து எழுதிக் கொடுத்த அதே ஹண்டிங்டன் இருபது சொச்சம் வருடம் கழித்து ‘நாகரிகங்களின் மோதல்’ என்று எழுதி, மனித குலத்துக்கே இனி அடிதடிதான் என்று சோதிடம் சொன்னார். நோயாளியைப் பார்த்த டாக்டர் வெளியே போய் ஊருக்கெல்லாம் காலரா என்று தண்டோரா போட்ட கதை.

ஆக, ஜாலான் பந்தாய் பாருவில் பிறந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் 1970-ல் மானிடவியல் சமூகவியல் துறை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1971-ல் இன்னொன்று. வயிற்றுக்குள் இருக்கும்போதே இந்தப் பிள்ளைக்கு உத்தியோகம் குறித்தாகிவிட்டது: அரசாங்கக் கொள்கைக்குத் தோள் கொடுப்பது. கம்போங்கைப் படி, வறுமையை அள, அறிக்கை கொடு. தோட்டம்? அது தனியார் நிலம், துரையிடம் அனுமதி வேண்டும், அந்தச் சனங்களின் மொழியும் தெரியாது. விட்டுவிடு.

விட்ட நேரத்தையும் பாருங்கள். குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968-ல் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத்துச் சனம், இங்கேயே பிறந்தும் காகிதம் இல்லாத சனம், சுமார் 60,000 பேர் மூட்டை கட்டினார்கள். ராஜுலா கப்பல் மதராசுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ‘மனிதனைப் படிக்கும் துறை’ திறப்பு விழா. அந்தப் பக்கம் துறைமுகத்தில் மனிதர்கள் வரிசையில். ஒரு மாணவனை, ஒரே ஒரு மாணவனை, நோட்டுப் புத்தகத்தோடு போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு அனுப்பியிருந்தால் போதும். முப்பது வருடம் பால் வெட்டியவள் ஊருக்கு எதை எடுத்துப் போகிறாள், எதை விட்டுப் போகிறாள் என்று எழுதியிருப்பான். அந்த நூல் என் அலமாரியில் இல்லை, எவர் அலமாரியிலும் நான் பார்க்கவில்லை.

தோட்டத்தைப் பற்றி அந்த 1970-ல் ஒரு நல்ல மானிடவியல் நூல் வந்தது. எழுதியவர் ரவீந்திர ஜெயின், வட இந்தியாவிலிருந்து கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வழியாக வந்தவர். லயத்தில் தங்கி எழுதினார். அப்புறம் எலிசபெத் காலின்ஸ் வந்து தைப்பூசத்தைப் படித்தார், ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் வந்து இடிபட்ட கோயில்களையும் இடம்பெயர்ந்த தோட்டங்களையும் படித்தார். இருவரும் அமெரிக்கர்கள். நம் வீட்டுக் கதையை நமக்குச் சொல்ல நாலாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஆள் வர வேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் பாவம் வரும். மலாயாப் பல்கலைக்கழகத்து ராஜகிருஷ்ணன் 1984-ல் மலேசியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நாம் என்ன செய்தோம்? சாதி சங்கத்தின் குடும்ப தினத்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, “இங்கெல்லாம் சாதி கிடையாதுங்க” என்று கையைக் கழுவினோம். நம்மைப் படிக்காதவன்மேல் நமக்குக் கோபம். நம்மைப் படித்தவன் எழுதியதை நாம் படிப்பதில்லை.

துறையில் முதுகெலும்புள்ளவர்களும் இருந்தார்கள். சையது ஹுசேன் அலி. மலாய் விவசாயி ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று கேட்டவர், நிலம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தவர். பாலிங் விவசாயிகளின் பசி ஊர்வலமாக வெடித்த 1974-ன் கடைசியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் போனார்கள். விசாரணை இல்லை. வெளியே விட்டது 1980-ல். ஆறு வருடக் களப்பணி. அவரை அடைத்த கமுந்திங் தடுப்பு முகாம் இருப்பது எந்த ஊரில் தெரியுமா? தைப்பிங்கில். மனிதனைப் படிக்க வந்த வெள்ளைக்காரனுக்கு அந்த ஊரில் அருங்காட்சியகம், மனிதனைப் படித்த மலாய்க்காரனுக்கு அதே ஊரில் கம்பி வேலி. ஏழ்மையை அளக்கலாம், அட்டவணை போடலாம். யாரால் என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தப் பாடத்தைத் துறைகள் நன்றாகவே கற்றுக்கொண்டன. இன்றைக்குக் கேட்பது எல்லாம் ‘ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்’.

இப்போது சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்புக்கு வாருங்கள். செடி வாங்கப் போனவர்களுக்கு இடம் தெரியும். சாலை நெடுக நர்சரிகள். டாக்டர் டிராவர்ஸ் என்பவரின் யோசனையில் எழுந்தது. சிறை மாதிரி இல்லாமல் தோட்டமும் சிறு வீடுகளுமாகக் கட்டினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே வளாகத்தில். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உண்டு. எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறாய் என்று அந்தக் கிருமி கேட்கவில்லை. ஆனால் சட்டம் பிடித்து அடைத்தது, உள்ளே பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தது. பல குழந்தைகள் தத்துப் போயின. யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று தெரியாமல் இன்றைக்கும் நரைத்த தலையோடு கல்லறைகளில் பேர் தேடி வருகிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த ஆராய்ச்சித் தோட்டத்தில் ஒவ்வொரு கன்றின் தாய் தகப்பன் பேரும் ரிஜிஸ்டரில் இருந்தது.

2007-ல் அந்தக் குடியிருப்பின் கிழக்குப் பகுதியை இடித்தார்கள். அங்கே எழுந்தது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம். உள்நாட்டவரில் மலாய்க்காரரும் பூர்வகுடிகளுமான பூமிபுத்திரர்கள் மட்டுமே படிக்கும் பல்கலைக்கழகம். எல்லா இனத்து நோயாளியும் சேர்ந்து வாழ்ந்த வீடுகளை இடித்த மண்ணில் பூமிபுத்திரர் என்ற கட்டத்தில் டிக் அடித்தவன் மட்டும் டாக்டராகலாம். 2008-ல் சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம் பத்து விழுக்காடு இடத்தை மற்றவர்களுக்குத் திறக்கலாமே என்றார்; மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். 2024 மே மாதம், இதய அறுவைச் சிகிச்சைக்கு நாட்டில் ஆள் போதவில்லை, மற்ற இனத்து டாக்டர்களையும் அந்த நிபுணர் பயிற்சியில் சேர்க்கலாமே என்று பேச்சு வந்தது. மாணவர்கள் கறுப்பு உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். இதயத்தைத் திறக்கக் கற்றுக்கொடுக்கும் இடம்! இதைவிடப் பெரிய களம் ஒரு மானிடவியல் துறைக்கு எங்கே கிடைக்கும்? கறுப்புச் சட்டையின் சடங்கியல் என்று ஒரு முனைவர் பட்டமே கொடுக்கலாம். எவர் முன்வருவார்? மானியம் வேண்டுமே.

மிச்சம் இருக்கும் மேற்குப் பகுதி இப்போது பாரம்பரியம். 2019-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இருக்கிறவனை இடித்துவிட்டு இல்லாதவனுக்குப் பலகை வைப்பதில் இந்த நாட்டுக்குக் கை தேர்ந்துவிட்டது.

அறுநூறின் குடும்பம் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. அது வளர்ந்த சுங்கை பூலோ ஆராய்ச்சித் தோட்டத்து நிலம், 2,300 ஏக்கருக்குக் கிட்ட, ஊழியர் சேமநிதிக்குக் கைமாறி இன்றைக்குக் குவாசா டாமன்சாரா என்று நகரமாகிறது. அதன் அப்பன் ஊர் பிராங் பெசார், முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் போட்ட தோட்டம், இன்றைக்கு நாட்டின் நிர்வாகத் தலைநகரம். பேர் புத்ராஜெயா. அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களை டிங்கில் பக்கம் தாமான் பெர்மாத்தாவில் அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். சுவரில் விரிசல் விட்டது. 2023 மார்ச் 16 முதல் குவாசா டாமன்சாராவிலிருந்து புத்ராஜெயாவுக்கு எம்.ஆர்.டி. முழுத்தடமும் ஓடுகிறது. மகன் ஊரிலிருந்து அப்பன் ஊருக்கு நேர் வண்டி. மரத்தின் சொந்தபந்தத்துக்கு இந்த நாடு ரயிலே விட்டிருக்கிறது. பாட்டியின் அக்கா பிள்ளைகள் எந்த அடுக்குமாடியில் எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்று பாட்டிக்குத் தெரியாது. தோட்டம் போனபோது ஆளுக்கொரு பக்கம் லோரி ஏறியவர்கள்.

சரி, நம் பிள்ளைகளையாவது இதைப் படிக்க அனுப்பலாமே? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷனில் பல வருடங்களாக நூற்றுக்குப் பத்து இடம்தான் பூமிபுத்திரர் அல்லாதவர்களுக்கு ஒதுக்கினார்கள், சீனனும் தமிழனும் மற்றவனும் சேர்ந்து. அதைத் தாண்டி வந்த பிள்ளையிடம் மானிடவியல் என்றால் அப்பா கேட்பார்: “படிச்சிட்டு என்னா வேலம்மா கெடைக்கும்?” நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் வக்கீல் பலகைக்கும் பல் டாக்டர் பலகைக்கும் நடுவே ‘இங்கே உறவுமுறை பார்க்கப்படும்’ என்று பலகை தொங்கி நான் பார்த்ததில்லை.

பாட்டியின் ஃபாரம் எங்கே போயிருக்கும்? கணினியில் ஏறி, மூன்றும் நாலும் கூட்டப்பட்டு, சராசரி எடுக்கப்பட்டு, ஆங்கில ஆய்விதழில் அட்டவணையாகி, பேராசிரியரின் அந்த வருடத்துப் புள்ளிக்கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த இதழைப் படிக்கக் கட்டணம் உண்டு. பாட்டி தன்னைப் பற்றித் தானே படிக்க வேண்டும் என்றாலும் முதலில் பணம் கட்டவேண்டும், பிறகு ஆங்கிலம் படிக்கவேண்டும். குவளையில் இப்போது பல் செட்டு ஊறுகிறது.

வாசகரே, உங்கள் வீட்டுக் கதவையும் ஒருநாள் தட்டுவார்கள். பையனைத் திட்டாதீர்கள், உட்காரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் என் அம்மா பேரை எங்கே எழுதுவது? இது முடிந்து தமிழில் எப்போது என் கைக்கு வரும்? உன் பேராசிரியர் இந்த மாடிப்படி ஏறி ஒருநாளாவது வருவாரா? தேதி சொன்னால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, விடிய விடிய உங்கள் கதையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் கொடுத்து, அவன் பத்து வெள்ளியை உங்கள் கையிலிருந்தே கொடுத்து, ஃபாரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புங்கள்.